‘ஒரு நிமிஷம்’ என்றால் அறுபது நொடி: ஆஸ்பெர்கர் குழந்தைகள் பற்றி வாசகர் கேள்விகளும் பதில்களும்

பிறரோடு பேசிப் பழகும் விதமும் புலன்கள் உணரும் விதமும் வேறுபட்டிருக்கும் வளர்ச்சி நிலைக்கு ஆட்டிசம் என்று பெயர். அதில் ஆஸ்பெர்கர் என்று அழைக்கப்படும் வகையைப் பற்றி வந்த கடிதங்களில் சிலவற்றுக்கு இங்கே பதில் தருகிறோம். ஒரே விஷயத்தைக் கேட்டவற்றைச் சேர்த்து ஒன்றாக்கியிருக்கிறோம். பெயர்களை வெளியிடவில்லை.

என் மகனுக்கு ஏழு வயது. சென்னையில் பார்த்த டாக்டர் ‘ஆட்டிசம் ஸ்பெக்ட்ரம், லெவல் 1’ என்று எழுதித் தந்தார். உள்ளூர் டாக்டர் ‘இது ஆஸ்பெர்கர்தான்’ என்கிறார். இரண்டும் ஒன்றா? யார் சொல்வதை எடுத்துக்கொள்வது?
– ஒரு தாய், திருச்சி

இருவரும் சொல்வது ஒன்றைத்தான். ஒருவர் புதிய பெயரைச் சொல்கிறார், மற்றவர் பழைய பெயரை.

வியன்னாவில் குழந்தை மருத்துவராக இருந்த ஹான்ஸ் ஆஸ்பெர்கர் 1944-இல் சில சிறுவர்களைப் பற்றி எழுதினார். பெரியவர்களைப் போலப் பேசுவார்கள், ஒரே விஷயத்தில் ஆழ்ந்துபோவார்கள், சக பிள்ளைகளோடு ஒட்ட மாட்டார்கள், ஓடியாடுவதில் தடுமாறுவார்கள். அவருக்கும் முன்பே, 1920-களில், மாஸ்கோவில் க்ரூன்யா சுகரேவா என்ற மனநல மருத்துவர் கிட்டத்தட்ட இதே சித்திரத்தை ஆறு சிறுவர்களைக் கொண்டு வரைந்திருந்தார். அதை யாரும் கண்டுகொள்ளவில்லை. ஆஸ்பெர்கரின் ஜெர்மன் கட்டுரையும் கிடப்பில்தான் கிடந்தது. லண்டன் மருத்துவர் லோர்னா விங் 1981-இல் எழுதிய பிறகே ‘ஆஸ்பெர்கர்’ என்ற பெயர் பரவியது.

அமெரிக்க மனநல மருத்துவர்களின் டிஎஸ்எம் கையேடு 1994-இல் இதைத் தனி வகையாகச் சேர்த்தது. 2013-இல் ஐந்தாம் பதிப்பு அதை எடுத்துவிட்டு, எல்லாவற்றையும் ‘ஆட்டிசம் ஸ்பெக்ட்ரம்’ என்ற ஒரே குடையின் கீழ் கொண்டுவந்தது. ஒரே குழந்தைக்கு ஓரிடத்தில் ஆஸ்பெர்கர், இன்னோரிடத்தில் ஆட்டிசம் என்று எழுதித் தரும் குழப்பம் அவ்வளவு அதிகம். உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலான ஐசிடி-11, 2022 ஜனவரி முதல் நடைமுறைக்கு வந்தபோது அதுவும் இதே வழியில் போனது. இடையில் 2018-இல், நாஜி ஆட்சியில் குழந்தைகள் கொல்லப்பட்ட வியன்னா நிலையம் ஒன்றுக்கு ஆஸ்பெர்கர் சில குழந்தைகளை அனுப்பிவைத்தார் என்று ஆவணங்களோடு ஓர் ஆய்வு வந்தது. அதன் பிறகு இந்தப் பெயரையே பலர் தவிர்க்கிறார்கள். வீட்டில் நீங்கள் எதைச் சொன்னாலும் பரவாயில்லை. சான்றிதழ், பள்ளிச் சலுகை என்று வரும்போது மட்டும் ‘ஆட்டிசம் ஸ்பெக்ட்ரம்’ என்ற பெயர்தான் செல்லும்.

பெயரைவிட அறிக்கையில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். காது கேட்கும் திறன் சோதித்தார்களா? அறிவுத்திறன் தேர்வு எடுத்தார்களா? பேச்சைத் தனியாக மதிப்பிட்டார்களா? சொல்வளத்தை மட்டும் பார்த்து ‘பேச்சு நன்றாக இருக்கிறது’ என்று எழுதிவிடுவது நிறைய நடக்கிறது. உரையாடலை முன்னும் பின்னுமாகக் கொண்டுபோக முடிகிறதா என்பதுதான் இங்கே கேள்வி. குளிப்பது, உடுத்துவது, கடையில் சில்லறை வாங்குவது போன்ற அன்றாடத் திறன் பற்றி ஒரு பக்கமாவது இருக்க வேண்டும். கவனக்குறைவும் பதற்றமும் கூடவே இருக்கிறதா என்றும் பார்த்திருக்க வேண்டும். இவற்றில் ஏதாவது விடுபட்டிருந்தால் அதை மட்டும் கேட்டு வாங்குங்கள்.

‘லெவல் 1’ என்பதை லேசானது என்று சிலர் படித்துக்கொள்கிறார்கள். ‘உதவி தேவை’ என்பதுதான் அதன் பொருள். லெவல் 2, 3 ஆகியவற்றுக்கு உதவி இன்னும் கூடுதலாகத் தேவை.

மூன்றாம் வகுப்பு படிக்கும் என் பையன் எல்லா ரயில் எண்ணையும் மனப்பாடமாகச் சொல்வான். ஆனால் டீச்சர் மாதம் ஒருமுறை கூப்பிட்டு ‘ரொம்பத் திமிர், எதிர்த்துப் பேசுறான்’ என்கிறார். வீட்டில் அவன் அப்படியில்லை.
– ஒரு தந்தை, ஈரோடு

உங்கள் கடிதத்தோடு டீச்சர் டைரியில் எழுதிய குறிப்பையும் அனுப்பியிருந்தீர்கள். “எத்தனை தடவை சொல்றது?” என்று அவர் கேட்டிருக்கிறார். “மூணு தடவை மிஸ்” என்று இவன் பதில் சொல்லியிருக்கிறான். வகுப்பே சிரித்திருக்கிறது. அவன் எண்ணிப் பார்த்துச் சரியான விடையைத்தான் சொன்னான்.

நாம் பேசும் தமிழில் பாதி இப்படித்தான் ஓடுகிறது. “வெளிய போய் நிக்கணுமா?” என்பது மிரட்டல். அவன் காதில் விழுவது கேள்வி, “வேண்டாம்” என்கிறான். “உன்கிட்ட ஸ்கேல் இருக்கா?” என்றால் கொடு என்று பொருள். அவன் “இருக்கு” என்று சொல்லிவிட்டுக் குனிந்து எழுதுகிறான். “ஒரு நிமிஷம் இரு” என்றால் அறுபது நொடி எண்ணிவிட்டு மறுபடி வந்து நிற்கிறான். “வாயைத் தொறந்தே, அவ்வளவுதான்” என்று சொன்னால் அவ்வளவுதான் என்பது என்னவென்று யோசித்துக்கொண்டிருப்பான். வீட்டில் நீங்கள் உங்களை அறியாமலே நேராகப் பேசப் பழகிவிட்டீர்கள். அதனால்தான் அங்கே பிரச்சினை இல்லை.

டீச்சரிடம் நோயின் பெயரைச் சொல்லி நீண்ட விளக்கம் கொடுக்காதீர்கள். நாற்பது பிள்ளைகளை வைத்துக்கொண்டு அவருக்கு அதைப் படிக்க நேரமில்லை. அரைத்தாளில் எழுதித் தர வேண்டியவை இவ்வளவுதான்:

ஒரு நேரத்தில் ஒரு வேலையை மட்டும் சொல்லவும். பெயரைக் கூப்பிட்டுவிட்டு, அவன் கையில் இருப்பதை நிறுத்திய பிறகு சொல்லவும். “நோட்டை எடுக்க மாட்டியா?” வேண்டாம், “கணக்கு நோட்டை எடு” போதும். சொன்ன பிறகு பத்து நொடி பொறுக்கவும். அந்தப் பத்து நொடிக்குள் அதையே வேறு வார்த்தையில் சொன்னால் அவன் மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும். பெரும்பாலான ‘கேட்கவே மாட்டேங்கிறான்’ புகார்கள் இங்கேதான் பிறக்கின்றன. “கண்ணைப் பாத்துப் பேசு” என்று வற்புறுத்த வேண்டாம். பல பிள்ளைகளுக்கு முகத்தைப் பார்த்தால் பேச்சு காதில் ஏறாது.

டீச்சர் போர்டில் தப்பாக எழுதினால் உடனே திருத்துவான். இதுதான் திமிர் என்ற பெயரை நிலைநாட்டுகிறது. தப்பைச் சொல்லக் கூடாது என்று தடுத்தால் புரியாது, ஏனென்றால் தப்பு தப்புதானே. எப்போது, எப்படிச் சொல்வது என்று விதி கொடுங்கள்: “பாடம் முடிஞ்சு பெல் அடிச்சதும், மிஸ் பக்கத்துல போய், மெதுவா, ‘மிஸ், இந்த இடத்துல ஒரு சந்தேகம்’னு சொல்லணும்.” வீட்டில் நீங்கள் டீச்சராக நின்று நாலைந்து முறை நடித்துக் காட்டுங்கள். பெரியவர்களை ‘நீ’ என்று கூப்பிட்டுவிடுவதும் இதே கதைதான். யாருக்கு ‘நீங்க’ என்று பார்த்துப் புரிந்துகொள்ளும் பழக்கம் தானாக வராது. பள்ளியில் இருக்கும் பெரியவர்கள் எல்லாருக்கும், வாட்ச்மேன் தாத்தா உள்பட, ‘நீங்க’ என்று ஒரே விதியாக வைத்துவிட்டால் அவனுக்கும் சுலபம்.

ரயிலைப் பிடுங்கிவிடாதீர்கள். பாண்டியன் எக்ஸ்பிரஸ் 12637 என்பது அவனுக்கு ஓய்விடம். கால அட்டவணையை வைத்துக் கழித்தல் கணக்கு, ஊர்ப் பெயர்களை வைத்து எழுத்துப் பயிற்சி என்று உள்ளே இழுத்துக்கொள்ளலாம். கேட்பவர் சலித்துவிட்டார் என்று கண்டுபிடிக்க அவனுக்கு ஓர் அடையாளம் சொல்லிக் கொடுங்கள்: மூன்று வாக்கியம் சொன்னதும் நிறுத்தி, “இன்னும் சொல்லட்டுமா?” என்று கேட்க வேண்டும், ‘போதும்’ என்றால் நிறுத்த வேண்டும்.

வகுப்பறையைவிட இன்டர்வெல்லைக் கவனியுங்கள். விதி இல்லாத பதினைந்து நிமிடம் இவர்களுக்கு நாளின் கடினமான பகுதி. “போய் அந்த அக்காகிட்ட இதச் சொல்லு” என்று கெட்ட வார்த்தையைச் சொல்லிக் கொடுத்து அனுப்புவது பிள்ளைகளுக்குள் நடக்கும். இவன் நம்பிப் போய்ச் சொல்லி அடியும் வாங்குவான். “ஸ்கூல் எப்படி இருந்துச்சு?” என்றால் “நல்லா” என்றுதான் பதில் வரும். “இன்டர்வெல்ல எங்க நின்ன? யார் பக்கத்துல? உன்னை யாராவது ஏதாவது சொல்லச் சொன்னாங்களா?” என்று கேளுங்கள்.

பேரனுக்கு ஆறு வயது. சொந்தக்காரர் கல்யாணத்தில் கீழே விழுந்து புரண்டு கத்திவிட்டான். ‘செல்லம் கொடுத்துக் கெடுத்துட்டீங்க, ரெண்டு போட்டா சரியாகிடும்’ என்று எல்லாரும் சொல்கிறார்கள். மருமகள் மூன்று நாள் சாப்பிடவில்லை.
– ஒரு பாட்டி, கும்பகோணம்

அம்மா, முதலில் மருமகளைச் சாப்பிடச் சொல்லுங்கள். அவர் செய்த தவறு எதுவும் இதில் இல்லை.

அடம் பிடிப்பதும் இதுவும் வெளியே பார்க்க ஒன்றுபோலத் தெரியும். அடம் பிடிக்கும் குழந்தை அழுதுகொண்டே ஓரக்கண்ணால் யார் பார்க்கிறார்கள் என்று பார்க்கும். கேட்டது கிடைத்தால் நின்றுவிடும். தனக்கு அடிபடாமல் பார்த்துக்கொள்ளும். உங்கள் பேரனுக்கு நடந்தது வேறு. ஐஸ்கிரீம் கொடுத்தும் நிற்கவில்லை, தலையைத் தரையில் இடித்துக்கொண்டான் என்று எழுதியிருக்கிறீர்கள். புலன்கள் தாங்கும் அளவைத் தாண்டிவிட்டால் இப்படி ஆகும். ஒலி, ஒளி, தொடுகை, மணம் இவற்றைக் கூடுதலாகவோ குறைவாகவோ உணர்வதை 2013-க்குப் பிறகு நோயறிதலின் அளவுகோலிலேயே சேர்த்திருக்கிறார்கள்.

கல்யாண மண்டபத்தை அவன் இடத்திலிருந்து பாருங்கள். மேளமும் நாதஸ்வரமும் ஒலிபெருக்கியில். வீடியோக்காரரின் விளக்கு நேரே கண்ணில். சரிகை உறுத்தும் பட்டு வேட்டி. பூ, சென்ட், சாம்பார், ஹோமப் புகை எல்லாம் ஒரே மூச்சில். இதற்கு நடுவே பத்து பேர் கன்னத்தைக் கிள்ளி, “அத்தைக்கு ஒரு முத்தம் குடு” என்கிறார்கள். அடுத்து என்ன நடக்கும் என்று அவனுக்கு யாரும் சொல்லவில்லை. காலையில் ஆறு மணிக்கு நிரம்ப ஆரம்பித்தது கெட்டிமேளத்தில் வழிந்துவிட்டது. அடித்தால் இன்னொரு வலி கூடும், வேறொன்றும் நடக்காது.

வழிவதற்கு முன் அறிகுறி இருக்கும். சிலர் கேட்ட கேள்வியையே திரும்பத் திரும்பக் கேட்பார்கள், சிலர் பேச்சை நிறுத்திவிடுவார்கள். காதைப் பொத்துவது, விரலை உதறுவது, சட்டை நுனியைக் கடிப்பது, காரணமில்லாமல் சிரிப்பது எல்லாம் உண்டு. உங்கள் பேரனுக்கு எது என்று வீட்டில் எல்லாரும் பேசித் தெரிந்துகொள்ளுங்கள். அதைப் பார்த்ததும் வெளியே கூட்டிக்கொண்டு போக வேண்டியவர் யார் என்றும் முன்பே முடிவு செய்யுங்கள். அம்மா அப்பாவால் மணமேடையை விட்டு நகர முடியாமல் போகலாம். சித்தப்பாவோ பெரியம்மாவோ ஒருவர் அந்த நாளுக்குப் பொறுப்பு.

கத்த ஆரம்பித்துவிட்டால் செய்ய வேண்டியது குறைவு. பேச்சை நிறுத்துங்கள். “என்னடா கண்ணு, ஏன்டா, இங்க பாரு” என்பதுகூட அந்த நேரத்தில் இன்னொரு சத்தம்தான். கூட்டத்தை விலக்குங்கள். இடிபடும் இடத்தில் ஒரு தலையணையோ மடித்த துண்டோ வையுங்கள். கேட்காமல் தொடாதீர்கள், சில குழந்தைகளுக்கு இறுக்கிப் பிடித்தால் அடங்கும், சிலருக்கு அதுவே கூடிவிடும், உங்கள் பிள்ளை எந்த ரகம் என்பதை அமைதியான நாளில் பார்த்து வைத்திருக்க வேண்டும். அடங்க இருபது நிமிடமும் ஆகலாம், ஒரு மணி நேரமும் ஆகலாம். அடங்கிய பிறகு தண்ணீர், இருட்டான அறை, தூக்கம். அன்றைக்கே உட்கார வைத்து விசாரிக்க வேண்டாம்.

அடுத்த விசேஷத்துக்கு: முந்தைய நாள் மாலை கூட்டம் வருமுன் மண்டபத்தைச் சுற்றிக் காட்டுங்கள். எத்தனை மணிக்குப் போகிறோம், எங்கே உட்காருவோம், எப்போது சாப்பாடு, எப்போது கிளம்புவோம் என்று ஒரு தாளில் படமாகவோ எழுத்தாகவோ கொடுங்கள். பட்டு வேண்டாம், துவைத்துப் பழகிய பருத்திச் சட்டை போதும். பட்டறையில் வேலை செய்பவர்கள் மாட்டும் காதுமூடி ஹார்டுவேர் கடைகளிலும் இணையத்திலும் கிடைக்கும். அதை வீட்டில் மிக்ஸி ஓடும்போது மாட்டிப் பழக்கிவிட்டுத்தான் வெளியே கொண்டுபோக வேண்டும், புதிதாக அங்கே மாட்டினால் பிடுங்கி எறிவான். முதல் பந்தியில் ஓர இலை. மணமகன் மணமகளைப் பார்த்துவிட்டு, முகூர்த்த நேரத்துக்கு அறைக்கோ காருக்கோ போய்விடலாம். முத்தம் கேட்கும் அத்தைக்கு வணக்கம் போதும் என்று நீங்களே முன்னால் நின்று சொல்லிவிடுங்கள். பாட்டி சொன்னால் யாரும் மறுக்க மாட்டார்கள்.

தடுப்பூசியால் வந்ததா? செல்போனாலா? நான் வேலைக்குப் போனதாலா?
– பலர்

மூன்றாலும் இல்லை. தட்டம்மைத் தடுப்பூசியையும் ஆட்டிசத்தையும் முடிச்சுப் போட்ட ஆன்ட்ரூ வேக்ஃபீல்டின் 1998 கட்டுரை வெறும் 12 குழந்தைகளைப் பற்றியது. அதை வெளியிட்ட ‘லான்செட்’ இதழே 2010-இல் திரும்பப் பெற்றுக்கொண்டது, அவருடைய மருத்துவப் பதிவும் ரத்தானது. பாசமில்லாத தாயால் வருகிறது என்ற கருத்து 1950-களில் செல்வாக்கோடு இருந்து, ஆதாரமில்லாமல் கைவிடப்பட்டது. ஐந்து நாடுகளின் தரவைக் கொண்டு 2019-இல் வந்த பெரிய ஆய்வு, காரணத்தில் சுமார் 80 சதவீதம் மரபு வழி என்று கணித்தது. செல்போன் தூக்கத்தையும் பேச்சுப் பழக்கத்தையும் கெடுக்கும், அதற்காகக் குறையுங்கள். ஆட்டிசத்தை அது உண்டாக்காது.

மகளுக்குப் பதினொரு வயது. பள்ளியில் ‘தங்கமான பிள்ளை’ என்கிறார்கள். வீட்டுக்குள் வந்து பையை வைத்ததும் அழுகை, தம்பியை அடிப்பது, அறையைப் பூட்டிக்கொள்வது. ஆட்டிசம் இருக்கலாம் என்று ஒரு மனநல ஆலோசகர் சொன்னார். பெண்களுக்கு இது வருமா?
– ஒரு தாய், கோவை

வரும். மூன்று ஆண் குழந்தைகளுக்கு ஒரு பெண் குழந்தை என்பது இப்போதைய கணக்கு. முன்பு நான்குக்கு ஒன்று என்றார்கள். இடைவெளி குறைவதற்குக் காரணம், பெண் குழந்தைகளைக் கண்டுபிடிக்க நாம் தாமதமாகக் கற்றுக்கொண்டோம் என்பதுதான்.

சோதனைக் கேள்விகளில் பல, சிறுவர்களை வைத்து உருவானவை. ரயிலும் மின்விசிறியும் பிடித்த பையன் உடனே கண்ணில் படுகிறான். ஒரே சீரியல் நடிகையைப் பற்றியோ நாய்க்குட்டிகளைப் பற்றியோ நாளெல்லாம் பேசும் பெண்ணைப் பார்த்து யாருக்கும் சந்தேகம் வராது. கூச்ச சுபாவம் என்று சொல்லிப் பாராட்டவும் செய்வார்கள். இந்தப் பெண்கள் ஒரு தோழியைத் தேர்ந்தெடுத்து அவள் சிரிக்கும்போது சிரித்து, அவள் நிற்பது போல நின்று, அவள் பேச்சையே ஒத்திகை பார்த்துப் பேசி நாளை ஓட்டுகிறார்கள். எட்டு மணி நேரம் அப்படி நடித்துவிட்டு வீட்டுக்கு வந்தால் மிச்சம் எதுவும் இருக்காது. ‘வெளியில ஒழுங்கா இருக்கத் தெரியுதுல்ல, வீட்டுல மட்டும் என்ன?’ என்று கேட்கத் தோன்றும். வெளியில் ஒழுங்காக இருந்ததற்கான விலையைத்தான் வீட்டில் கொடுக்கிறாள்.

பள்ளி விட்டு வந்ததும் முதல் முக்கால் மணி நேரம் கேள்வியும் கிடையாது, டியூஷனும் கிடையாது, வீட்டுப்பாடமும் கிடையாது. சாப்பிட ஏதாவது, விருப்பமான மூலை, தம்பிக்கு அந்தப் பக்கம் தடை. இதை மூன்று வாரம் செய்து பாருங்கள். அடிதடி எத்தனை நாள் நடந்தது என்று காலண்டரில் குறியுங்கள். மதிப்பீட்டுக்குப் போகும்போது அந்தக் காலண்டரும், அவள் சின்ன வயதில் விளையாடிய வீடியோவும் கையில் இருக்கட்டும். ஆட்டிசம் மதிப்பிடுவதில் பழக்கமுள்ள குழந்தை மனநல மருத்துவரையோ, இந்திய மறுவாழ்வு மன்றத்தில் பதிவு செய்த மருத்துவ உளவியலாளரையோ பாருங்கள். இந்த வயதில் மாதவிடாய் பற்றி முன்கூட்டியே, படம் போட்டு, நேர் வார்த்தையில் சொல்லிவிட வேண்டும். ‘பெரியவளாகிவிட்டாய்’ என்றால் அவளுக்கு உயரம்தான் நினைவுக்கு வரும். நாப்கினின் உறுத்தலைத் தாங்க முடியாமல் போகலாம். இரண்டு மூன்று வகையை வாங்கி முன்பே அணிந்து பார்க்கச் சொல்லுங்கள்.

தயிர்சாதமும் ஒரே கம்பெனி பிஸ்கட்டும் தவிர எதுவும் தொடமாட்டான். பட்டினி போட்டால் சாப்பிடுவானா?
– ஒரு தந்தை, விருதுநகர்

மாட்டான். இந்தப் பிள்ளைகளில் சிலர் உண்மையாகவே பட்டினி கிடந்துவிடுவார்கள். மலச்சிக்கலும் பல்வலியும் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்; இரும்புச்சத்து, பி12, டி வைட்டமின் அளவுகளையும் டாக்டரிடம் கேட்டுச் சோதித்துக்கொள்ளுங்கள். பிடித்த சாப்பாட்டுக்குள் காய்கறியை ஒளித்து வைக்காதீர்கள். கண்டுபிடித்துவிட்டால் தயிர்சாதமும் போய்விடும். ஒரு நேரத்தில் ஒரே ஒரு மாற்றம்: இன்று வேறு கிண்ணம், நாலைந்து நாள் கழித்து சாதம் இன்னும் கொஞ்சம் குழைவாக, பிறகு ஓரத்தில் இரண்டு மாதுளை முத்து, சாப்பிடச் சொல்லாமல். தட்டில் இருப்பதைப் பொறுப்பது, தொடுவது, முகர்வது, நாக்கில் வைப்பது, கடிப்பது என்று ஒவ்வொன்றும் ஒரு படி. ஒரு படிக்கு வாரங்கள் ஆகலாம். உணவு வகை இன்னும் குறைந்துகொண்டே வந்தாலோ எடை ஏறாமல் நின்றாலோ காத்திருக்க வேண்டாம்.

தெருவில் கிரிக்கெட் ஆடுவான். அவுட் ஆனால் பேட்டை எறிந்துவிட்டு வருவான். இப்போது யாரும் சேர்த்துக்கொள்வதில்லை.
– ஒரு தாய், நாகர்கோவில்

அமெரிக்க ஆசிரியை கேரல் கிரே 1990-களில் பரப்பிய ஒரு முறை இதற்கு ஏற்றது. ஒரு சூழ்நிலையைச் சின்னக் கதையாக, குழந்தையே பேசுவது போல எழுதி, நிகழ்வுக்கு முன் படிக்கக் கொடுப்பது. உங்கள் பையனுக்கு இப்படி எழுதலாம்:

“சாயங்காலம் நாங்கள் தெருவில் கிரிக்கெட் ஆடுவோம். பேட் பிடிக்கும் எல்லாரும் எப்போதாவது அவுட் ஆவார்கள். தோனியும் அவுட் ஆவார். அவுட் ஆனால் சிலருக்குக் கோபம் வரும், எனக்கும் வரும். அடுத்தவன் பேட்டுக்காகக் காத்துக்கொண்டிருப்பான். அவுட் ஆனதும் பேட்டைக் கீழே வைத்துவிட்டு, சுவர் ஓரம் போய்த் தண்ணீர் குடிக்க முயற்சி செய்வேன். அப்படிச் செய்தால் பெரும்பாலும் பசங்கள் மறுபடி சேர்த்துக்கொள்வார்கள்.”

இதில் என்ன செய்ய வேண்டும் என்று சொல்லும் வாக்கியம் ஒன்றுதான். மற்றவை நடப்பதை விவரிக்கின்றன. அந்த விகிதம் மாறி ‘செய்யாதே, எறியாதே, கத்தாதே’ என்று நிரம்பிவிட்டால் அது கதைத்தாளில் எழுதிய திட்டு, இரண்டாம் நாள் கிழித்துப் போடுவான். ‘கண்டிப்பாகச் சேர்த்துக்கொள்வார்கள்’ என்றும் எழுதாதீர்கள். ஒருநாள் சேர்க்காவிட்டால் நீங்கள் பொய் சொன்னதாக ஆகிவிடும். ஆட்டத்துக்குக் கிளம்பும் முன் தினமும் ஒரு முறை படிக்கட்டும். வீட்டு முற்றத்தில் நீங்கள் வேண்டுமென்றே அவுட் ஆகி, பேட்டை வைத்துவிட்டுத் தண்ணீர் குடித்துக் காட்டுங்கள். தெருப் பையன்களில் கொஞ்சம் பெரியவனாக ஒருவனிடம் ‘அவுட் ஆனதும் தண்ணி குடிடா’ என்று நினைவூட்டச் சொன்னால் பாதி வேலை முடிந்தது.

இதற்கு மருந்து உண்டா? ஸ்டெம் செல் சிகிச்சைக்குச் சில லட்சம் கேட்கிறார்கள். கோதுமை, பாலை நிறுத்தச் சொல்கிறார்கள்.
– ஒரு தந்தை, சேலம்

ஆட்டிசத்தை மாற்றும் மருந்து கிடையாது. கூடவே வரும் தொந்தரவுகளுக்கு உண்டு. கடுமையான எரிச்சலுக்கும் தன்னைத்தானே காயப்படுத்திக்கொள்வதற்கும் ரிஸ்பெரிடோனை 2006-இலும் அரிபிப்ரசோலை 2009-இலும் அமெரிக்க மருந்து நிர்வாகம் அனுமதித்தது. எடை எக்கச்சக்கமாக ஏறலாம் என்பதால் எடையும் சர்க்கரையும் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். கவனக்குறைவு, தூக்கமின்மை, பதற்றம் இவற்றுக்குத் தனித்தனி வழிகள் இருக்கின்றன.

ஸ்டெம் செல்லுக்குப் பணம் கட்டாதீர்கள். ஆட்டிசத்துக்கு அதைச் சிகிச்சையாகப் பரிந்துரைக்கக் கூடாது என்று தேசிய மருத்துவ ஆணையத்தின் நெறிமுறை வாரியம் 2022-இலேயே சொல்லிவிட்டது. உடலிலிருந்து உலோகத்தை வெளியேற்றுகிறோம் என்று ஊசி போடுவது உயிருக்கே ஆபத்து. கோதுமை, பாலை நிறுத்துவதால் ஆட்டிசம் குறைவதாக உறுதியான ஆதாரம் இல்லை. ஏற்கெனவே நாலு பண்டம் சாப்பிடும் குழந்தையிடம் இரண்டைப் பறிப்பதில் என்ன லாபம்?

தெரபி மையத்தில் சேர்ப்பதற்கு முன் கேட்க வேண்டியவை: அடுத்த மூன்று மாதத்துக்கு இலக்கு என்ன? அதை எப்படி அளப்பீர்கள்? நான் உள்ளே உட்கார்ந்து பார்க்கலாமா? ‘சமூகத் திறன் வளர்ப்பு’ என்று பொதுவாகச் சொன்னால் போதாது. ‘விளையாட்டில் சேர்த்துக்கொள்ளும்படி, வாரத்தில் மூன்று முறையாவது, தானாகக் கேட்பான்’ என்பது இலக்கு. கதவைச் சாத்திக்கொண்டு பெற்றோரை வெளியே உட்கார வைக்கும் இடம் வேண்டாம். ‘முழு குணம்’ என்று போர்டு வைத்திருக்கும் இடத்தில் படியே ஏற வேண்டாம்.

மகனுக்குப் பத்து வயது. ‘நான் மட்டும் ஏன் இப்படி?’ என்று கேட்கிறான். சொல்லலாமா?
– ஒரு தாய், மதுரை

கேட்டுவிட்டான் என்றால் நேரம் வந்துவிட்டது. தள்ளிப்போட்டால் ‘லூசு’, ‘மக்கு’ என்று வகுப்பு கொடுக்கும் பெயரை அவன் எடுத்துக்கொள்வான். தேர்வுக்கு முந்தின நாளோ சண்டை நடந்த அன்றோ சொல்ல வேண்டாம். பக்கத்தில் உட்கார்ந்து, வண்டியில் போகும்போதுகூட, முகம் பார்க்காமல் பேசுவது இவர்களுக்கு எளிது. “உனக்கு ஒரு சத்தம் எனக்குக் கேக்குறதவிட அதிகமாக் கேக்குது. ரூட் மேப் ஒரு தடவை பாத்தா உனக்கு மறக்காது. மத்தவங்க மனசுல என்னன்னு கண்டுபிடிக்கறது உனக்குக் கஷ்டம். இப்படி இருக்கறதுக்கு ஆட்டிசம்னு பேரு. காய்ச்சல் மாதிரி வந்துட்டுப் போறது இல்ல.” இவ்வளவு போதும். அவன் உடனே கேட்கப்போவது “தங்கச்சிக்கும் இருக்கா?” என்று இருக்கலாம். ஆட்டிசம் உள்ள குழந்தையின் உடன்பிறப்புகளில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு வருகிறது. தங்கையின் வளர்ச்சியில் உங்களுக்கே சந்தேகம் இருந்தால் அவளையும் காட்டிவிடுங்கள்.

நன்றாகப் படிக்கிற பையனுக்கு மாற்றுத்திறனாளி சான்றிதழ் தருவார்களா? பத்தாம் வகுப்பில் சலுகை உண்டா?
– ஒரு தாய், செங்கல்பட்டு

மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016 பட்டியலிடும் 21 வகைகளில் ஆட்டிசம் ஸ்பெக்ட்ரமும் ஒன்று. மதிப்பிடப் பயன்படுவது ‘ஐசா’ என்ற இந்திய அளவுகோல்: 40 கேள்வி, ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5 வரை மதிப்பெண். 70-க்குக் கீழ் வந்தால் ஆட்டிசம் இல்லை என்று கொள்வார்கள். 70 முதல் 106 வரை லேசானது. சலுகைகளுக்குச் சான்றிதழில் குறைந்தது 40 சதவீதக் குறைபாடு என்று இருக்க வேண்டும்.

சிக்கல் இங்கேதான். நன்றாகப் பேசும் பிள்ளை, முன்பின் தெரியாத டாக்டர் முன் பதினைந்து நிமிடம் ஒழுங்காக உட்கார்ந்துவிட்டால் மதிப்பெண் 70-க்குக் கீழே நின்றுவிடும். கேள்விகளுக்குப் பதில் சொல்லும்போது ‘நல்லாத்தான் இருக்கான்’ என்று பெற்றோரே விட்டுக்கொடுப்பதும் நடக்கிறது. அவனுடைய சராசரி நாளைச் சொல்லுங்கள், நல்ல நாளை வேண்டாம். வகுப்பாசிரியர் எழுதிய ஒரு பக்கக் குறிப்பு, தெரபி அறிக்கைகள், பழைய டைரிப் புகார்கள், கத்தி அழுத நாட்களின் கணக்கு எல்லாம் கோப்பில் இருக்கட்டும். அரசு மருத்துவமனையின் மருத்துவக் குழுதான் சான்று தரும். வழி தெரியாவிட்டால் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் கேளுங்கள். உங்களுக்குப் பக்கத்திலேயே முட்டுக்காட்டில் பல்வகை ஊனமுற்றோருக்கான மத்திய அரசின் தேசிய நிறுவனம் இருக்கிறது, மதிப்பீட்டுக்கும் தெரபிக்கும் அங்கே போகலாம். சான்று கிடைத்ததும் தேசிய அறக்கட்டளையின் நிராமயா காப்பீட்டில் சேருங்கள். ஆண்டுக்கு 1 லட்சம் ரூபாய் வரை, தெரபிச் செலவுக்கும் சேர்த்து.

பத்தாம் வகுப்பில் ஒரு மணி நேரம் கூடுதல், சொல்வதை எழுதுபவர், மொழிப்பாட விலக்கு ஆகியவற்றுக்கு விண்ணப்பிக்கலாம். மாநிலப் பாடத்திட்டத்தில் தலைமையாசிரியர் வழியாக அரசுத் தேர்வுகள் இயக்ககத்துக்குப் போக வேண்டும். சிபிஎஸ்இ-யிலும் மூன்று மணித் தேர்வுக்கு ஒரு மணி நேரம் கூடுதலாகத் தருகிறார்கள். எட்டாம் வகுப்பிலேயே சான்றிதழ் வேலையைத் தொடங்கிவிடுங்கள். எழுதுபவரை வைத்து எழுதுவது தனித் திறமை; ஒன்பதாம் வகுப்புத் தேர்வுகளில் பழகாமல் பொதுத்தேர்வில் முதல்முறையாக ஒரு புது ஆளைப் பக்கத்தில் உட்கார வைத்தால், வாய் திறக்காமல் உட்கார்ந்துவிடும் பிள்ளைகள் உண்டு. கையெழுத்துதான் பிரச்சினை, பேசிச் சொல்வதும் கஷ்டம் என்றால், எழுதுபவர் வேண்டாம், கூடுதல் நேரம் மட்டும் கேட்டு வாங்குங்கள்.